கோடைக் கலை முகாமில் எழுத்தும் ஊடகக் கலையும்: மூன்று வாரத்துக்குள் என்ன முடியும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி ஊருக்கு அருகே, கிரீன் ஏரிக்கும் டக் ஏரிக்கும் நடுவில் பைன் மரக்காட்டுக்குள் இருக்கிறது இன்டர்லாக்கன் கலை முகாம். மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். ஒரு வாரப் பயிற்சியும் உண்டு, ஆறு வாரப் பயிற்சியும் உண்டு. இசைக்குப் பெயர்போன இடம். ஆனால் திரைப்படமும் படைப்பெழுத்தும் இங்கே தனித்தனித் துறைகளாக நடக்கின்றன. அந்த இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒன்றாகப் பார்ப்பதே சரி. முகாமில் எடுக்கப்படும் மாணவர் படங்களில் முடியாமல் போனவை, முடிந்தும் தேறாதவை ஆகிய பெரும்பாலானவற்றுக்குக் காரணத்தைத் தேடிப் போனால், அது காமிராவில் இருக்காது, முதல் வாரத்தில் எழுதிய பக்கங்களில் இருக்கும்.

கோடை முகாம் என்பதே அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட விடுமுறையில் முளைத்த ஏற்பாடு. கனெக்டிகட் மாநிலத்தில் 1861-ல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்த் தங்கவைத்ததிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் 1874-ல் கோடைக்கால ஆசிரியர் பயிற்சியாகத் தொடங்கியது, பிறகு சொற்பொழிவும் இசையும் கலையும் சேர்ந்த பெரிய இயக்கமாக வளர்ந்தது. வெர்மான்ட் மலைப்பகுதியில் பிரெட் லோஃப் எழுத்தாளர் மாநாடு 1926-ல் வந்தது. அதே 1926-ல்தான் ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர், நாடெங்கும் இருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் திரட்டி டெட்ராய்ட் நகரில் ஓர் இசைக்குழுவை மேடையேற்றினார். சில நாள் கூடிக் கலைவது போதவில்லை என்று பட்டதால் 1928-ல் இன்டர்லாக்கனில் முகாமைத் தொடங்கினார்.

ஊடகம் இந்த முகாமுக்குள் மாணவர் கற்கும் கலையாக வருவதற்கு முன்பே, ஒரு சச்சரவாக வந்துவிட்டது. மாணவர் கச்சேரிகளை என்பிசி வானொலி நாடு முழுவதும் ஒலிபரப்பி வந்தது. காசு வாங்காமல் வாசிக்கும் பிள்ளைகளால் தொழில்முறைக் கலைஞர்களின் பிழைப்பு கெடுகிறது என்று சொல்லி, இசைக்கலைஞர் தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942-ல் அந்த ஒலிபரப்பை நிறுத்தவைத்தார். விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. வணிக நோக்கமில்லாத கல்வி நிகழ்ச்சிகளை ஒலிபரப்பக் கூடாது என்று நிலையங்களை வற்புறுத்துவதை 1946-ல் வந்த லீ சட்டம் தடுத்தது. 1963-ல் இன்டர்லாக்கன் சொந்த வானொலி நிலையத்தையே நடத்தத் தொடங்கியது. ஒரு மாணவனின் படைப்பு வகுப்பறையைத் தாண்டி வெளியே போகலாமா என்பது அங்கே ஒரு காலத்தில் சண்டை போட்டு வாங்கிய உரிமை. இன்று பதினாறு வயதுப் பிள்ளை தன் மூன்று நிமிட ஒலிக்கட்டுரையை உலகத்துக்கு அனுப்பும்போது யாரும் தடுப்பதில்லை.

பள்ளிப் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு துறைகளும் ஏறக்குறைய ஒரே நிலைமையில் இருந்தன. அமெரிக்காவின் தேசியக் கலைக் கல்வித் தரங்கள் 2014-ல் திருத்தப்பட்டபோதுதான் நடனம், இசை, நாடகம், காட்சிக்கலை ஆகியவற்றோடு ஊடகக் கலையும் ஐந்தாவது துறையாகச் சேர்ந்தது. படைப்பெழுத்து அந்தப் பட்டியலில் இன்றும் இல்லை. அது ஆங்கிலப் பாடத்தின் ஓரத்தில், தேர்வுக்கட்டுரைகளுக்குப் பின்னால் நிற்கிறது. எனவே கதை எழுதும் பிள்ளைக்கும் படம் எடுக்கும் பிள்ளைக்கும், தன்னைப் போன்ற பத்துப் பேரோடு ஒரே மேசையில் உட்கார முதல் வாய்ப்பைத் தருவது பெரும்பாலும் கோடை முகாம்தான்.

பழைய ஃபிலிம் காலத்தில் எழுத்தின் அருமையை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1965-ல் வந்த சூப்பர் 8 ஃபிலிம், 50 அடி கொண்ட ஒரு பெட்டியாக வரும். நொடிக்கு 18 பிரேம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி, 24 பிரேம் ஓட்டினால் இரண்டரை நிமிடம்தான். 16 மில்லிமீட்டரில் 100 அடிச் சுருள் 24 பிரேமில் 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துவிடும். எடுத்ததைக் கழுவ அனுப்பி, அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். கையில் இரண்டு பெட்டி இருக்கிறது என்றால் எந்த ஷாட் வேண்டும், எது வேண்டாம் என்று தாளில் தீர்மானித்துவிட்டுத்தான் காமிராவைத் தொடுவார்கள். சோனி 1967-ல் தோளில் மாட்டிக்கொள்ளும் போர்டாபேக் வீடியோ கருவியை விற்கத் தொடங்கியதும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. மெமரி கார்டு வந்ததும் அறவே போனது. இன்று முகாமில் ஒரு குழு ஒரே மாலையில் இரண்டு மணி நேரக் காட்சிகளை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. மூன்று மாலைகளுக்கு ஆறு மணி நேரம். எடிட்டிங் அறையில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால், எடுத்ததை ஒருமுறை பார்த்து முடிக்கவே இரண்டு நாள் ஓடிவிடும்.

நாள் கணக்கு

மூன்று வார முகாமில் கையில் இருப்பது 21 நாள் இல்லை. வந்திறங்கும் நாள், கிளம்பும் நாள், ஞாயிற்றுக்கிழமைகள் போக 16 நாள் மிஞ்சும். அதிலும் கடைசி நாள் திரையிடல். மீதி 15 நாளை இப்படிப் பிரித்தால் வேலை நடக்கும்: எழுத்துக்கு ஐந்து நாள், லொகேஷன் பார்ப்பதற்கும் ஷாட் பட்டியலுக்கும் ஒரு நாள், படப்பிடிப்புக்கு மூன்று நாள், எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் ஐந்து நாள். ஒரு நாள் கையிருப்பு. அந்தக் கையிருப்பு நாளை முன்கூட்டியே எதற்கும் ஒதுக்கக் கூடாது. அது மழைக்கு உரியது.

எழுத்துக்கு ஐந்து நாளா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். முதல் நாளே காமிராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அதைத் தடுக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாலைகளில் ஒரு நிமிடப் பயிற்சிப் படங்களை வசனமே இல்லாமல், மூன்றே ஷாட்டில் எடுக்கவிடலாம். அதற்கு இணையாகப் பகலில் திரைக்கதை வளர வேண்டும்.

எவ்வளவு நீளம்? ஆங்கிலத் திரைக்கதையில் 12 புள்ளி கூரியர் எழுத்துருவில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது நடைமுறைக் கணக்கு. ஆக நான்கு நிமிடப் படத்துக்கு நான்கு பக்கம். ஐந்தாவது பக்கத்துக்குப் போனால் அபாயம் தொடங்குகிறது. (தமிழில் எழுதுபவர்கள் இந்தப் பக்கக் கணக்கை நம்ப வேண்டாம். சத்தமாக நடித்துப் படித்து, கடிகாரத்தில் நேரம் பார்ப்பதுதான் வழி.) நான்கு நிமிடப் படத்தில் ஒரு ஷாட் சராசரியாக ஆறேழு நொடி நின்றால் 35 முதல் 40 ஷாட் தேவைப்படும். பழக்கமில்லாத மாணவர் குழு வெளிப்புறத்தில் ஒரு மணி நேரத்தில் மூன்று ஷாட் எடுத்தால் நல்ல வேகம். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், மூன்று நாள்: 36 ஷாட். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே, பன்னிரண்டு பக்கக் கனவுகள் தாமாகச் சுருங்கும்.

நீளத்தைப் போலவே எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு பாத்திரம், இரண்டு இடம், ஒரு பொருள். இது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. மூன்றாவது பாத்திரம் வந்ததும் அவருக்குக் கால்ஷீட் பார்க்க வேண்டும். அவர் வயலின் மாணவராக இருந்தால், ஒத்திகை நேரத்தில் வர முடியாது. எழுதும்போது ஒரே வரி, எடுக்கும்போது அரை நாள் என்று வீங்கும் விஷயங்கள் சில உண்டு. குழந்தை, நாய், கூட்டம், கார், மழை, சாப்பாட்டு மேசை. சாப்பாட்டு மேசையை ஏன் சேர்க்கிறோம் என்றால், ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேசும் காட்சியில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற திசைக்கணக்கு அனுபவசாலிகளையே குழப்பும். தட்டில் சோறு ஒவ்வொரு டேக்கிலும் குறைந்துகொண்டும் போகும்.

இன்டர்லாக்கன் போன்ற வடக்கத்திய இடங்களில் இன்னொரு சொல்லும் அபாயமானது: ‘இரவு’. டிராவர்ஸ் சிட்டிப் பகுதியில் ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். உண்மையான இருட்டு விழும்போது பிள்ளைகள் படுக்கையில் இருக்க வேண்டிய நேரம். திரைக்கதையில் ‘வெளிப்புறம் – இரவு’ என்று எழுதியவர், எடுக்கவே முடியாத காட்சியை எழுதியிருக்கிறார். உள்ளறையில் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி எடுக்கலாம், அல்லது காட்சியை மாலைக்கு மாற்றலாம். அந்த நீண்ட மாலை வெளிச்சம் உண்மையில் பெரிய வரம். எட்டு மணிக்கு மேல் சாய்வாக விழும் ஒளியில் எந்தச் சாதாரண முகமும் அழகாகத் தெரியும். இதைத் தெரிந்து எழுதும் பிள்ளை, தன் முக்கியமான காட்சியை அங்கே வைத்துக்கொள்ளும்.

எழுத்து மேசையில்

படைப்பெழுத்து வகுப்பின் நடுநாயகம் பட்டறை. அதன் வடிவம் 1936-ல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையிலிருந்து பரவியது. பத்துப் பன்னிரண்டு பேர், வட்டமாக உட்காருவது, எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவது, பேசப்படும்போது எழுதியவர் வாயைத் திறக்காமல் இருப்பது. இரண்டு மணி நேர அமர்வில் ஒரு படைப்புக்கு 25 நிமிடம் கொடுத்தால் நான்கு படைப்பு நிறைவாகப் போகும். பன்னிரண்டு பேருக்கு ஒரு சுற்று வர மூன்று அமர்வு. மூன்று வாரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சுற்று கிடைக்க வேண்டும். முதல் சுற்று வரைவுக்கு, இரண்டாவது திருத்தியதற்கு. ஒரே சுற்றோடு நிறுத்தும் முகாம்களில் பிள்ளைகள் விமர்சனத்தைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். திருத்தி எழுதுவது எப்படி என்பதைக் கற்காமலே போகிறார்கள். கற்க வேண்டியதில் பாதி அதுதான்.

படைப்பின் அளவையும் கட்டுப்படுத்த வேண்டும். இரட்டை இடைவெளியில் தட்டச்சு செய்த ஒரு பக்கத்தில் சுமார் 250 ஆங்கிலச் சொற்கள் வரும். எட்டுப் பக்கத்துக்கு மேல் போனால் மற்ற பிள்ளைகள் மேலோட்டமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். மேலோட்டமாகப் படித்தவர் பாராட்டத்தான் செய்வார். அந்த வயதில் பட்டறையைக் கெடுப்பது கடுமையைவிடப் பாராட்டுதான். “ரொம்ப நல்லா இருக்கு, எனக்குப் பிடிச்சிருந்தது” என்று நான்கு பேர் சொன்ன பிறகு, மூன்றாம் பக்கத்தில் கதை தடம் மாறியதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதற்கு மருந்து, கருத்துக்கு முன் விவரிப்பு. கதையில் என்ன நடந்தது, யார் எதை விரும்பினார், எந்த இடத்தில் கண் வரியைவிட்டு நழுவியது என்று முதல் ஐந்து நிமிடம் சொல்லவைக்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து விதமாகக் கதையைச் சொன்னால், எழுதியவருக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது.

எழுதியவர் மௌனமாக இருக்கும் விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவருவதில்லை. தன் வீட்டு வழக்கங்களை, சமையலை, தன் மொழியின் சொற்களை வைத்து எழுதும் பிள்ளை, அதெல்லாம் புரியவில்லை என்று சுற்றியுள்ளவர்கள் அரை மணி நேரம் பேசுவதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அங்கே நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்த முறை நன்றாக வேலை செய்கிறது. அதில் நான்கு படி. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது தைத்தது, எது நினைவில் நின்றது என்று சொல்கிறார்கள். அடுத்து படைத்தவர் தான் அறிய விரும்புவதைக் கேட்கிறார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. “முடிவை ஏன் இவ்வளவு அவசரமாக முடித்தாய்?” என்பது தீர்ப்பு. “முடிவின் வேகத்தைப் பற்றி என்ன யோசித்தாய்?” என்பது கேள்வி. நான்காவதாக, படைத்தவரின் அனுமதி பெற்றே கருத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றாவது படிதான் கடினம். அதை மட்டுமே ஒருநாள் முழுக்கப் பழக்கினாலும் தகும்.

இதே முறையை எடிட்டிங் அறைக்கும் கொண்டுபோகலாம். ரஃப் கட், அதாவது காட்சிகளைத் தோராயமாக ஒட்டிய முதல் வடிவம், தயாரானதும் இயக்குநர் எந்த முன்னுரையும் சொல்லாமல் போட்டுக் காட்ட வேண்டும். ஒலி இன்னும் சரியாகவில்லை, இந்த இடத்தில் இசை வரும் என்றெல்லாம் சொல்லக் கூடாது. பார்த்தவர்கள் கதையை வரிசையாகத் திருப்பிச் சொல்லட்டும். அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அங்கே ஒரு ஷாட் குறைகிறது, அல்லது ஒரு ஷாட் அதிகம். எழுத்து மாணவர்களையும் இந்தத் திரையிடலுக்கு அழைப்பது நல்லது. காமிரா எது, லென்ஸ் எது என்ற யோசனை இல்லாமல் அவர்கள் கதையை மட்டும் பார்ப்பார்கள்.

இரண்டு துறையும் நேராகச் சந்திக்கும் பயிற்சி ஒலிக்கட்டுரை. செலவே இல்லை, இரண்டாம் நாளே தொடங்கலாம். ஆங்கிலத்தில் இயல்பாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல். மூன்று நிமிடத்துக்கு 450 சொல் எழுதினால் மூச்சுவிட இடமிருக்காது, 380-க்குச் சுருக்க வேண்டும். மீதி நேரம் ஏரியின் அலைக்கும், படகுத்துறைப் பலகையின் கிரீச்சுக்கும், பக்கத்துக் கொட்டகையில் யாரோ கிளாரினெட் பழகுவதற்கும் உரியது. படிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியம், எழுத்திலும் நீளமான வாக்கியமே. பட்டறையில் நான்கு பேர் சொல்லியும் ஏற்காத பிள்ளை, ஒலிவாங்கியின் முன் தானாகவே வெட்டி எறியும்.

படப்பிடிப்பில் கெடுபவை

கெடுவதில் முதலிடம் ஒலிக்கு. மாணவர்கள் காமிரா மைக்கையே நம்பி ஐந்தடி தள்ளி நின்று எடுப்பார்கள். முகாமில் எந்த நேரத்திலும் நான்கு திசையிலிருந்தும் இசை வந்துகொண்டே இருக்கும். ஏரியின் மேல் காற்று பகல் ஏற ஏறக் கூடும். நீண்ட கம்பில் மாட்டிய பூம் மைக்கைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள், பிரேமுக்குச் சற்று மேலே, நெஞ்சை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளிப்புறத்தில் பஞ்சு உறை போதாது. ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு வேண்டும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், கிழிந்ததைத் தைக்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி 30 நொடி வெறும் சூழல் ஒலியைப் பதிய வேண்டும். இதைச் செய்யாத குழு, எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி ஒலி தாவித் தாவிக் குதிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது வெளிச்சம். பைன் மரங்களுக்கு அடியில் நிற்பவர் முகத்தில் பச்சை சாயல் படியும். இலைகளின் ஊடே வரும் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து, ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டு நிற்கும். நடிகரை முழு நிழலுக்கு நகர்த்தி, வெள்ளை அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் எளிய தீர்வு. நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் தெர்மாகோல் பிடிப்பதும் இதற்குத்தான். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். சாம்பல் அட்டையை வைத்து ஒருமுறை அமைத்து, அந்த இடத்தில் முடிக்கும்வரை தொடக் கூடாது.

விளக்கொளியில் எடுக்கும்போது படம் துடிப்பதற்கு மின்சாரமே காரணம். அமெரிக்காவில் மின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ், ஷட்டர் வேகம் 1/60 நொடி பாதுகாப்பானது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், எனவே 1/50. செல்பேசியில் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பல செல்பேசிகள் நொடிக்கு இத்தனை பிரேம் என்ற வேகத்தைச் சீராக வைத்துக்கொள்வதில்லை, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். தனியாகப் பதிந்த ஒலியோடு அதைச் சேர்த்தால் முதல் நிமிடம் உதடும் குரலும் பொருந்தும், மூன்றாம் நிமிடத்தில் விலகிவிடும். எடிட்டிங் தொடங்கும் முன் எல்லாக் கோப்பையும் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

இன்டர்லாக்கனில் பிள்ளைகள் நீலச் சீருடை அணிய வேண்டும் என்பது பழைய வழக்கம். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பாராட்ட வேண்டிய ஒன்று. ஆனால் படத்தில் இரண்டு பாத்திரங்களும் ஒரே நீலத்தில் வந்தால் தூரக் காட்சியில் யார் யார் என்றே தெரியாது. உடைக்கு முன்பே அனுமதி வாங்கி, பையில் எடுத்து வைத்து, எடுத்து முடித்ததும் மடித்து அதே பையில் போட வேண்டும். மூன்று நாள் எடுக்கும் படத்தில் சட்டைக் கை முதல் நாள் மடிந்தும் இரண்டாம் நாள் விரிந்தும் இருப்பது வழக்கமான பிழை. நீச்சல் முடிந்து ஈரத்தலையோடு வரும் நடிகர் இன்னொன்று. ஒவ்வொரு ஷாட்டும் முடிந்ததும் ஒரு நிழற்படம் எடுத்துவைக்கும் வேலையை ஒரே ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

பொம்மைகளையோ காகிதத்தையோ நகர்த்தி உயிரூட்டும் ஸ்டாப் மோஷன் படத்துக்குத் தனிக் கணக்கு. நொடிக்கு 12 படம் போதும், ஒவ்வொன்றும் இரண்டு பிரேம் நிற்கும். 30 நொடிக்கு 360 படம். நிமிடத்துக்கு ஒன்று எடுத்தாலும் ஆறு மணி நேர வேலை. சன்னல் வெளிச்சத்தில் எடுக்கவே கூடாது. மேகம் நகர நகர, ஓடவிட்டுப் பார்க்கும்போது அறையே மினுக்கும். சன்னலை அடைத்து, இரண்டு விளக்கு வைத்து, ஃபோகஸ், எக்ஸ்போஷர், நிறம் மூன்றையும் பூட்டி, முக்காலியின் கால்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டவர் பொம்மைக்கு அருகே குனிந்தால் அந்த வெண்மையும் பொம்மையின் மேல் விழும். கறுப்புச் சட்டை நல்லது.

கோப்புகள்

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் காமிரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுத்துக்கொள்ளும். நான்கு நிமிடப் படத்துக்கு எட்டு மடங்கு எடுப்பதாக வைத்தால் 32 நிமிடம், 24 ஜிபி. ஒரு 64 ஜிபி கார்டில் முழுப் படமும் அடங்கும். கார்டு நிரம்பி வழிகிறது என்றால் திட்டமில்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அன்றைய வேலை முடிந்ததும் இரண்டு வேறு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, நகலைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். கோப்பின் பெயர்களை எடிட்டிங் தொடங்குவதற்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் மாற்றினால் மென்பொருள் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் டைம்லைன் முழுக்கச் சிவப்பாகும்.

இசைக்கு, பிரபலமான பாட்டை எடுத்து ஒட்டுவது வேண்டாம். உரிமை இல்லாததால் வெளியே எங்கும் காட்ட முடியாது. கலை முகாமில் நூறு கெஜத் தொலைவில் இசையமைப்பு படிக்கும் ஒரு பிள்ளை தன் முதல் வாய்ப்புக்காகக் காத்திருக்கிறது. படம் வெட்டி முடிந்த பிறகு கேட்டால் அதற்கு நேரம் இருக்காது. திரைக்கதை நிலையிலேயே பக்கங்களைக் கொடுத்துவிட வேண்டும். நடிப்புத் துறைக்கும் இதே விதி. இதுபோல் எல்லாத் துறையும் ஒரே இடத்தில் இருப்பதுதான் கலை முகாமை மற்றத் திரைப்படப் பயிற்சிகளிலிருந்து வேறுபடுத்துகிறது. அதைப் பயன்படுத்தாமல் தங்களுக்குள்ளேயே நடித்து, தங்களுக்குள்ளேயே இசை போட்டுக்கொள்ளும் குழு, கட்டிய கட்டணத்தில் பாதியை வீணாக்குகிறது.

கட்டணம் என்று வரும்போது ஒளிக்க ஒன்றுமில்லை. இத்தகைய தனியார் முகாம்கள் பல ஆயிரம் டாலர் கேட்கின்றன. உதவித்தொகை உண்டு, எல்லோருக்கும் எட்டாது. இதற்கு மாற்றாக மாநில அரசுகள் நடத்தும் கோடைப் பள்ளிகளை 1963-ல் வட கரோலினா தொடங்கிவைத்தது, பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. கலிஃபோர்னியா மாநிலம் எழுத்து, திரைப்படம், அனிமேஷன் ஆகியவற்றுக்குத் தனித்துறைகள் வைத்து நான்கு வாரக் கலைப்பள்ளி நடத்திவருகிறது. திறமையுள்ள பிள்ளைக்கு அரசு வழிதான் நியாயமான வழி என்பது எங்கள் எண்ணம்.

எந்த முகாமானாலும் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு காமிராவுக்கு எத்தனை மாணவர்? நான்குக்கு மேல் என்றால் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பார். எடிட்டிங் அறை மாலையில் திறந்திருக்குமா? எழுத்தில் ஒருவருக்கு எத்தனை பட்டறைச் சுற்று? திரைக்கதையை எழுத்து ஆசிரியர் படிப்பாரா, அல்லது திரைப்பட ஆசிரியர் மட்டுமா? முடிந்த படத்தோடு மூலக் காட்சிகளையும் எடுத்துப் போக விடுவார்களா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் 1923 முதல் நடக்கும் ஸ்கொலாஸ்டிக் கலை, எழுத்து விருதுகளில் திரைப்படம், அனிமேஷனுக்கும் ஒரு பிரிவு உண்டு, நாடகம், திரைக்கதைக்கும் ஒரு பிரிவு உண்டு. அங்குள்ள பள்ளி மாணவர்கள் முகாமில் எழுதிய பக்கங்களையும் எடுத்த படத்தையும் இரண்டுக்குமே அனுப்பலாம். கல்லூரி விண்ணப்பத்துக்கும் அதே படைப்புகள் பயன்படும். திரையிடலுக்காக அவசரமாக முடித்த பதிப்பை அப்படியே அனுப்பக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நாற்பது நொடி வெட்ட வேண்டியது எங்கே என்று தெளிவாகத் தெரியும். அப்போது கையில் எம்பி4 கோப்பு மட்டும் இருந்தால் இசையும் பேச்சும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும், எதையும் பிரிக்க முடியாது. எனவே கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற வேண்டியவை: மூலக் காட்சிகள், தனி ஒலிப்பதிவுகள், எடிட்டிங் புராஜெக்ட் கோப்பு, பயன்படுத்திய எழுத்துரு, இசையமைத்த பிள்ளையின் எழுத்துப்பூர்வ அனுமதி, நடித்தவர்களின் பெற்றோர் கையெழுத்திட்ட படிவங்கள், திரைக்கதையின் எல்லா வரைவுகளும்.